கைப்பேசியில் அழையா விருந்தாளிகள்

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வேற்றூர் வந்து வாழ்வோர்க்குக் கைப்பேசி ஓர் உறவுப் பாலம். மைசூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இதனை நாள்தோறும் காண்கின்றோம். சேலத்தில் இருக்கும் தாயாரின் குரலைக் கேட்பதும், தருமபுரியில் நடைபெறும் காதணி விழாவிற்குச் செல்ல இயலாதவர் அதனைப் படமாகக் கண்டு மகிழ்வதும், மாதம் பிறந்ததும் ஊருக்குப் பணம் அனுப்புவதும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைச் செலுத்துவதும் உள்ளங்கை அளவான இச்சிறு பெட்டியின் வழியே நிகழ்கின்றன. அந்நாளில் அஞ்சற்காரரை எதிர்நோக்கி வாசலில் நின்ற கண்கள், இந்நாளில் இதன் திரையை நோக்கி நிற்கின்றன.

இத்துணை அருமையான பொருளினுள், நாம் அழையாமலேயே குடிபுகுந்து, போகச் சொன்னாலும் போகாமல் தங்கிவிட்ட சில விருந்தாளிகள் இருக்கின்றனர். அவர்கள் யாவர், எவ்வாறு வந்தனர், அவர்களால் நேரும் தீங்கு யாது, அவர்களை வெளியேற்றும் வழி யாது என்பனவற்றை நம் இல்லத்தார் அறிந்துகொள்ளுதல் நலம் என்று கருதி இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

அழையாமல் வந்தவை

தசராவை ஒட்டியோ தீபாவளியை ஒட்டியோ தேவராஜ அர்ஸ் சாலைக் கடையொன்றில் தள்ளுபடி விலைக்கு ஒரு புதிய கைப்பேசி வாங்கி வருகின்றோம். பெட்டியைப் பிரித்து இயக்கியவுடன், நாம் ஒன்றையும் ஏற்றுவதற்கு முன்னரே வரிசை வரிசையாகச் செயலிகள் நிற்கின்றன. பேசுவதற்கும், படம் எடுப்பதற்கும், நேரம் காட்டுவதற்கும் உரியவை தேவையானவை. அவற்றைக் குறை கூறுவார் இல்லை. ஆயின் நாம் ஒருநாளும் ஆடப்போகாத விளையாட்டுகள், நாம் கேளாத கடைகள், நாம் விரும்பாத செய்தித் தாள்கள், ஒரே வேலைக்கு இரண்டு உலாவிகள், இரண்டு செயலிக் கடைகள் ஆகியனவும் அவற்றிடையே இடம்பெற்றுள்ளன. இவற்றை ஆங்கிலேயர் ‘புளோட்வேர்’ என்பர்; ஊதிப் பெருத்த மென்பொருள் என்று பொருள் கொள்ளலாம். நாம் வேண்டாச் செயலிகள் என்றே அழைப்போம்.

இவை மூன்று வழிகளில் வருகின்றன. இயங்குதளத்தை ஆக்கித் தரும் நிறுவனம் வைப்பவை ஒருவகை; கைப்பேசியை உருவாக்கும் நிறுவனம் தன் பெயரால் வைப்பவை மற்றொரு வகை; பிற வணிகர் பணம் கொடுத்து வைக்கச் செய்பவை மூன்றாம் வகை.

கேளாமல் வந்தது என்ற ஒரு காரணத்தாலேயே ஒன்று தீயதாகிவிடாது. 1997ஆம் ஆண்டில் வெளிவந்த நோக்கியா 6110 என்னும் கைப்பேசியில் பாம்பு விளையாட்டு ஒன்று இருந்தது. அதனையும் யாரும் கேட்டு வாங்கவில்லை. ஆயினும் உலகமே அதனை விரும்பி ஆடிற்று. அது மிகச் சிறிய இடத்திலே அடங்கியிருந்தது. ஆடுபவர் யார், எங்கிருக்கிறார், யாரோடு பேசுகிறார் என்பதை எவர்க்கும் அறிவிக்கவில்லை. நள்ளிரவில் ஒலி எழுப்பி விளம்பரம் காட்டவும் இல்லை. ஆகவே ஒரு செயலியை எடைபோட மூன்று கேள்விகள் போதும். இஃது எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது? நம்மைப் பற்றி எதனை அறிந்துகொள்கிறது? போ என்றால் போகின்றதா? இம்மூன்றனுள் மூன்றாவதே தலையாயது. போ என்றால் போய்விடும் விருந்தாளியின் மற்றக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

வணிகத்தின் கணக்கு

இவற்றை ஏன் வைக்கின்றனர் என்பதற்கு விடை எளிது. மலிவு விலைக் கைப்பேசியில் கருவிக்குரிய இலாபம் மிகச் சிறிது. சியோமி நிறுவனம் தன் கருவிகளின் நிகர இலாபம் 5 விழுக்காட்டிற்கு மேற்படாது என்று 2018 ஏப்பிரல் திங்களில் உலகறிய உறுதி கூறிற்று. வாங்குவோர்க்கு இது நற்செய்தியே. ஆயினும் ஒரு நிறுவனம் அவ்வளவில் வாழ இயலாதாகையால், எஞ்சிய வருவாயை விளம்பரத்திலும், இணையச் சேவைகளிலும், பிறருடைய செயலிகளுக்கு இடங்கொடுப்பதிலும் தேடிக்கொள்கின்றது. இஃது ஒரு நிறுவனத்தின் வழக்கம் மட்டுமன்று. இத்தொழிலில் பரவிய முறையாகும்.

அவ்வாறாயின், கடையில் நாம் கொடுத்த பணம் விலையின் ஒரு பகுதியே. மறுபகுதியை நம் கண்களாலும், நேரத்தாலும், நம்மைப் பற்றிய செய்திகளாலும் தவணை தவணையாகச் செலுத்திக்கொண்டிருக்கிறோம். விலையுயர்ந்த கைப்பேசி வாங்குவோர்க்கு இச்சுமை பெரும்பாலும் குறைவு. குறைந்த விலைக்கு வாங்குவோர்க்கே மிகுதி. இடவசதி நிறைந்த மாளிகையில் வேண்டாத நான்கு மூட்டைகள் கிடந்தாலும் தெரியாது. ஓரறை வீட்டில் ஒரு மூட்டை கிடந்தாலும் கால் நீட்ட இடமிராது. கைப்பேசிக்கும் இதுவே முறை. 256 ஜிகாபைட் இடமுள்ள கருவியில் உறுத்தாதது, 32 ஜிகாபைட் கருவியில் மூச்சை முட்டச் செய்கின்றது. அந்த 32இலும் இயங்குதளத்திற்கு உரிய பங்கு முதலிலேயே கழிந்துவிடும்.

நம் வீடுகளில் புதிய கைப்பேசி வாங்கினால் பழையது எங்கே செல்கின்றது? ஊரிலிருக்கும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ செல்கின்றது. அப்பழங்கருவியில் இடம் தீர்ந்துபோய், மைசூரில் பிறந்த பேரக் குழந்தையின் படம் திறக்கவில்லை என்றும், வங்கிச் செயலி புதுப்பிக்கப்படாமையால் இயங்கவில்லை என்றும் அவர்கள் வருந்துவதைப் பலரும் கேட்டிருப்போம். உறவுக்கென்று வாங்கிய பொருளில் உறவுக்கு இடமில்லை. வணிகனின் மூட்டைக்கு இடமுண்டு. இது நாம் பொருட்படுத்தாமல் விடக்கூடிய சிறு செய்தி அன்று.

ஏன் நீக்க முடிவதில்லை?

கைப்பேசியின் சேமிப்பிடத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று இயங்குதளத்திற்கு உரியது. மற்றொன்று நம் படங்களுக்கும் நாம் ஏற்றும் செயலிகளுக்கும் உரியது. முதற்பகுதியை எவரும் மாற்றியெழுத இயலாதவாறு முத்திரையிட்டு வைக்கின்றனர். தீய நிரல் ஒன்று உட்புகுந்து கருவியின் அடிப்படையையே குலைத்துவிடக் கூடாது என்பதற்காக அமைந்த நல்ல ஏற்பாடு அது. ஆயின் அப்பாதுகாப்பைப் பயன்படுத்தி, வேண்டாச் செயலிகள் சிலவற்றையும் அப்பகுதியிலேயே வைத்துவிடுகின்றனர். வீட்டின் கடைகாலுக்குள் வணிகன் தன் சரக்கை வைத்துப் பூசிவிட்டாற்போன்றது இது. கடைகாலை இடிக்காமல் சரக்கை எடுத்தெறிய இயலாது.

இதனால்தான் சில செயலிகளுக்கு ‘அன்இன்ஸ்டால்’ என்னும் நீக்கும் பொத்தானும், வேறு சிலவற்றிற்கு ‘டிசேபிள்’ என்னும் முடக்கும் பொத்தானும் காணப்படுகின்றன. நீக்கினால் செயலி போய்விடும், இடமும் மீளும். முடக்கினால் அஃது உறங்கிவிடும். பின்னணியில் ஓடாது, அறிவிப்பு அனுப்பாது. பின்னாளில் ஏற்றப்பட்ட புதுப்பிப்புகள் பிடித்த இடம் மீளுமேயன்றி, மூலச் செயலி பிடித்த இடம் மீளாது. இரண்டு பொத்தான்களும் இல்லாத செயலிகளும் உள. அவற்றுள் கருவி இயங்க இன்றியமையாதவை சில. நிறுவனத்தின் விருப்பத்தால் மட்டும் அவ்வாறு ஆக்கப்பட்டவை சில.

மொழியறியாச் சம்மதம்

இடம் பிடிப்பதைவிடக் கருதத்தக்கது, இவை நம்மைப் பற்றி அறிந்துகொள்ளும் செய்தி. நாமாக ஒரு செயலியை ஏற்றும்போது, அது நம் தொடர்புப் பட்டியலையோ இருப்பிடத்தையோ கேட்டால் அனுமதிக்கவும் மறுக்கவும் நமக்கு வாய்ப்புண்டு. முன்பே பதிக்கப்பட்ட செயலிகளுக்கோ நாம் அறியாமலே சில அனுமதிகள் வழங்கப்பட்டிருத்தல் கூடும். ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் இணைந்து 200க்கு மேற்பட்ட நிறுவனங்களின் ஆண்ட்ராய்டு கருவிகளிலிருந்து 82,000க்கு மேற்பட்ட முன்பதிந்த செயலிகளைத் திரட்டி ஆராய்ந்து, 2019இல் முடிவுகளை வெளியிட்டனர். பயனர் அறியாமலே விளம்பர நிறுவனங்களுக்கும் பிறர்க்கும் செய்திகள் சென்றுசேரும் வழிகள் பல இருப்பதை அவ்வாய்வு எடுத்துக்காட்டிற்று.

புலம்பெயர்ந்த நம்மவர்க்கு இதில் தனித் துன்பம் ஒன்றுண்டு. தமிழ் மட்டும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பாட்டியின் கைப்பேசியில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் அறிவிப்புகள் தோன்றுகின்றன. கன்னடம் சரளமாகப் பேசும் நம் முதியோருள்ளும் அதன் எழுத்தைப் படிக்க வல்லார் சிலரே. என்னவென்று புரியாமல், அந்தத் திரை மறைந்தால் போதும் என்று ‘அலோ’ என்பதையே அழுத்திவிடுகின்றனர். புரியாமல் இட்ட கைநாட்டைச் சம்மதம் என்று எண்ணுவது முறையாகுமா?

இதன் விளைவு எத்தகையது என்பதற்கு அண்டை நாடொன்றின் நிகழ்ச்சியைக் கூறலாம். 2025 சனவரியில் தாய்லாந்தில் ஒப்போ, ரியல்மி கைப்பேசிகள் சிலவற்றில் கடன் கொடுக்கும் செயலிகள் முன்பே பதிக்கப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. பயனர் விரும்பினாலும் எளிதில் நீக்க இயலாதவாறு அவை அமைந்திருந்தன. மக்கள் குறைகூறவே, அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் விளக்கம் கேட்டது. நிறுவனங்களும் வருத்தம் தெரிவித்து, அவற்றை நீக்க முன்வந்தன. நம் நாட்டிலும் கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலைக் கைப்பற்றிக்கொண்டு கடன்பட்டாரின் உறவினர்க்கெல்லாம் தொல்லை கொடுத்த செய்தியை யாவரும் அறிவர். கடன் செயலிகள் தொடர்புப் பட்டியல், படங்கள், அழைப்புப் பதிவு ஆகியவற்றைத் தொடலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் நெறிமுறை வகுத்தது இதனாலேயே.

மொழியைப் பற்றியும் ஒரு நற்செய்தி உண்டு. 2023ஆம் ஆண்டின் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ படிக்கும் வாய்ப்பை மக்களுக்கு அளித்தல் வேண்டும் என்கின்றது. தமிழ் அவ்வட்டவணையில் உள்ள மொழி. இச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு காலவரையறை செய்யப்பட்டுள்ளது. தமிழில் கேட்கும் உரிமை மைசூரில் வாழும் தமிழர்க்கும் உண்டு என்பதை நாம் நினைவில் இருத்தல் வேண்டும்.

நீதியின் முன்னிலையில்

நீக்கும் உரிமை பற்றிய வழக்கு நம் நாட்டிலேயே பெரிய அளவில் நடந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசி ஆக்குவோர் பிளே ஸ்டோரைப் பெறவேண்டுமாயின் தேடுபொறி, குரோம், யூடியூப் முதலிய தன் செயலிகள் அனைத்தையும் சேர்த்தே பதிக்க வேண்டும் என்று கூகுள் ஒப்பந்தம் செய்துவந்தது. இது முறையற்ற கட்டுப்பாடு என்று இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20ஆம் நாள் தீர்ப்பளித்து, 1,337.76 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. முன்பதிந்த செயலிகளைப் பயனர் நீக்குவதைத் தடுத்தல் கூடாது என்றும் கட்டளையிட்டது. 2023 சனவரியில் கூகுள் நிறுவனம், கைப்பேசி ஆக்குவோர் தன் செயலிகளைத் தனித்தனியே பெற்றுப் பதிக்கலாம் என்று அறிவித்தது.

மேல்முறையீட்டை விசாரித்த தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சு 29இல் தண்டத்தை உறுதிசெய்தது. ஆயினும் ஆணையத்தின் கட்டளைகளுள் நான்கினை நீக்கிவிட்டது. பயனர் நீக்குவதைத் தடுக்கலாகாது என்ற கட்டளையும் அந்நான்கனுள் ஒன்று. வழக்கு உச்ச நீதிமன்றத்தின் முன் சென்றது. ஆக, பெருநிறுவனத்திற்குத் தண்டம் நிலைத்தது. எளிய பயனர்க்குக் கிடைக்கவிருந்த பொத்தான் கிடைக்கவில்லை.

பிற நாடுகளின் நிலையையும் சிறிது நோக்குவோம். தென்கொரியா 2014லேயே, இன்றியமையாதவை தவிர மற்ற முன்பதிந்த செயலிகளை நீக்க இடமளித்தல் வேண்டும் என்று நெறி வகுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்ணியல் சந்தைச் சட்டம், 2024 மார்ச்சு 7 முதல் பெருநிறுவனங்கள் இவ்வசதியைப் பயனர்க்கு எளிதாக அளித்தல் வேண்டும் என்று கட்டாயப்படுத்திற்று. ஆப்பிள் நிறுவனமும் தன் முன்பதிந்த செயலிகள் பலவற்றைத் திரையிலிருந்து அகற்ற 2016இல் வழிசெய்தது. ஆகவே, இது செய்ய இயலாத செயல் என்று எவரும் கூற இயலாது.

நல்லதாயினும் வற்புறுத்தலாமா?

வணிகர் வைப்பது இருக்கட்டும். அரசே நன்மை கருதி ஒன்றை வைத்தால் ஏற்கலாமா என்ற கேள்வி 2025இன் இறுதியில் எழுந்தது. சஞ்சார் சாத்தி என்பது தொலைத்தொடர்புத் துறையின் செயலி. தொலைந்த கைப்பேசியை முடக்குதல், நம் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்று அறிதல், மோசடி அழைப்பைப் பற்றி முறையிடுதல் ஆகியன அதன் பயன்கள். அதனை 90 நாள்களுக்குள் புதிய கைப்பேசிகள் அனைத்திலும் பதித்தல் வேண்டும் என்றும், அதன் செயற்பாட்டை முடக்க இடமளித்தல் கூடாது என்றும் 2025 நவம்பர் 28ஆம் நாள் நிறுவனங்களுக்கு ஆணை பிறந்தது. செய்தி வெளிவந்தவுடன் நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. பயனர் விரும்பினால் நீக்கிக்கொள்ளலாம் என்று அமைச்சர் விளக்கம் கூறினார். திசம்பர் 3ஆம் நாள் கட்டாயப் பதிப்பு ஆணை திரும்பப் பெறப்பட்டது.

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் கொள்ள வேண்டிய கருத்து ஒன்றுண்டு. அச்செயலி பயனற்றது என்று நாம் கூறவில்லை. அதனை விரும்பிப் பதிந்துகொண்டோர் கோடிக்கு மேற்பட்டவர். கைப்பேசி தொலைந்தவர்க்கு அது பேருதவி. மக்கள் எதிர்த்தது பயனை அன்று, மறுக்க இயலாமையை. மருந்தாயினும் கேட்டு உண்பதற்கும், வாயைத் திறந்து ஊற்றப்படுவதற்கும் வேறுபாடு உண்டல்லவா?

இம்மைசூருக்கு இதில் ஒரு பழைய நினைவும் உண்டு. 1935ஆம் ஆண்டில் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி அவர்கள் இந்நகரில் தம் இல்லத்திலேயே ஒரு வானொலி நிலையம் அமைத்தார். ‘ஆகாசவாணி’ என்று அவர் நிலையம் பூண்ட பெயரே பின்னர் அனைத்திந்திய வானொலியின் பெயராகவும் ஆயிற்று. வானொலிப் பெட்டியில் எவர் பேசினும், திருகும் குமிழ் கேட்பவர் கையில் இருந்தது. பிடித்தால் கேட்டோம், பிடிக்காவிடில் நிறுத்தினோம். கைப்பேசிக்கும் நாம் கேட்பது அக்குமிழ் ஒன்றே.

இல்லத்தில் செய்யத்தக்கன

சட்டம் வரும்வரை காத்திராமல் நம் கையால் செய்யக்கூடியன பல உள்ளன.

கடையிலேயே தொடங்குவோம். புதிய கைப்பேசியை அமைத்துத் தரும் பணியாளர் எல்லாத் திரைக்கும் ‘சரி’ என்று விரைந்து அழுத்திவிடுவது வழக்கம். அதனைப் பணிவுடன் மறுத்து, வீட்டில் அமைதியாக அமர்ந்து செய்தல் நன்று. ‘பரிந்துரைக்கும் செயலிகள்’ என்று வரும் திரையில் முன்னரே இடப்பட்ட குறிகளை எடுத்துவிட வேண்டும்.

பின்னர் ‘செட்டிங்ஸ்’ என்னும் அமைப்புகளுள் ‘ஆப்ஸ்’ பகுதிக்குச் சென்று, பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். வேண்டாதவற்றுள் நீக்கக் கூடியவற்றை நீக்குக. நீக்க இயலாதவற்றை முடக்குக. முடக்கவும் இயலாதவற்றிற்கு அறிவிப்புகளையும் அனுமதிகளையும் நிறுத்துக. விளையாட்டுச் செயலி ஒன்றுக்கு நம் தொடர்புப் பட்டியல் எதற்கு? ஒளிவிளக்குச் செயலிக்கு இருப்பிடம் எதற்கு? இவ்வாறு கேட்டுக்கொண்டே செல்வதே போதிய அறிவு.

பெயர் புரியாத செயலிகளில் கைவைத்தல் கூடாது. கூகுள் பிளே சர்வீசஸ், ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ போன்றவை வேண்டாதவைபோல் தோன்றினும், அவை இன்றிப் பிற செயலிகள் தடுமாறும். கைப்பேசியைக் கணினியோடு இணைத்து ஆழ்ந்த செயலிகளையும் அகற்றும் முறை ஒன்று உண்டு. அறிந்தோர் துணையின்றி அதனை மேற்கொள்ளலாகாது. கருவியைத் தொடக்க நிலைக்கு மீட்டால் நீக்கியவை மீண்டும் வரக்கூடும் என்பதையும் நினைவிற் கொள்க.

ஒரு செயலியை நீக்கினால் அதற்குரிய மாதக் கட்டணம் தானே நின்றுவிடும் என்று பலரும் எண்ணுகின்றனர்; அவ்வாறன்று. பிளே ஸ்டோரின் சந்தாப் பகுதியிலும், யு.பி.ஐ. தானியங்கிக் கட்டணப் பகுதியிலும் பார்த்துத் தனியே நிறுத்துதல் வேண்டும். மேலும், இடத்தை மீட்டுத் தருவதாகக் கூறிவரும் ‘துப்புரவுச் செயலி’களை நம்புதல் கூடாது. அவற்றுள் பல தாமே விளம்பரக் குப்பையாக இருப்பவை. இடக்குறைவிற்கு வாட்ஸ்அப் வழியே தாமாக இறங்கிச் சேரும் காலை வணக்கப் படங்களும் ஒரு காரணம் என்பதையும் மறத்தல் கூடாது. தாமாக இறங்குவதை நிறுத்திவைத்தால் பெரும்பகுதி இடம் மிஞ்சும்.

ஏமாற்றும் வடிவமைப்புகளைத் தடுக்க நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30இல் நெறிமுறைகளை அறிவித்துள்ளது. விடாது நச்சரித்தலும், சந்தாவில் சிக்கவைத்தலும் அதில் கண்ட குற்றங்கள். அத்தகைய குறைகளுக்கு 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும், பணமோசடிக்கு 1930 என்னும் எண்ணையும் அழைக்கலாம். இவ்விரு எண்களையும் முதியோர் கைப்பேசியின் பின்புறம் எழுதி ஒட்டிவைத்தல் நலம்.

நம் கடமை

இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவர் என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. இங்கோ நாம் இடம் கொடுக்கவும் இல்லை, அவர்களே எடுத்துக்கொண்டனர். அதனை மீட்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும். நம் வீட்டுப் பிள்ளைகள் இவ்வித்தையில் வல்லவர். அவர்கள் தாத்தா பாட்டியின் கைப்பேசியை வாங்கிப் பார்த்து, ஒவ்வொரு செயலியும் இன்னது என்று தமிழில் எடுத்துச் சொல்லி, “இது வேண்டுமா?” என்று கேட்டு, வேண்டா என்றதை அகற்றித் தருவார்களாக. கேட்காமல் நீக்குவதும் கூடாது. பாட்டி நாள்தோறும் கேட்கும் பக்திப் பாடற் செயலி பேரனுக்கு வேண்டாததாகத் தோன்றலாம். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, துணிமணியும் மைசூர்ப்பாகும் எடுத்துச் செல்வதோடு, அங்குள்ள பெரியோரின் கைப்பேசிக்கும் அரைமணி நேரம் ஒதுக்குதல் வேண்டும்.

விலை கொடுத்து வாங்கிய பொருளில் வேண்டாததை விலக்கும் உரிமை வாங்கியவர்க்கே உரியது. அதனைச் சட்டத்தின் வழி கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை நம் இல்லங்களில் இயன்றதைச் செய்து, உறவுக்கு உரிய இடத்தை உறவுக்கே மீட்டுத் தருவோமாக.